ஃப்ரெடிக்காக நீ பேசி வைத்த கட்டில்

ராயபுரம்
ஞாயிறு பிற்பகல்

அன்பு மகள் ஜானட்டுக்கு அப்பா எழுதுவது. ஆக்லாந்தில் நீயும் மருமகன் அலெக்ஸாண்டரும் பேத்தி கரோலினும் உடம்புக்கு ஒன்றும் வராமல் நன்றாக இருக்க வேண்டும் என்று மாதாவிடம் தினமும் கேட்டுக்கொள்கிறோம். இங்கே நானும் அம்மாவும் உன் தம்பி ஃப்ரெடியும் சுகம். மூன்று பேரையும் சேர்த்துத்தான் சுகம் என்று எழுதியிருக்கிறேன், எழுதிவிட்டு ஒரு தடவை படித்தும் பார்த்தேன், அதில் அடிப்பதற்கு ஒன்றும் இல்லை. வாட்சப் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குத் தபால் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று நினைப்பாய். போனில் பேசினால் நீ அழுகிறாய், நீ அழுதால் நான் கத்துகிறேன், நான் கத்தினால் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுகிறாள், பேச வேண்டியது அப்படியே நிற்கிறது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதனால் கடைசிவரை படித்துவிட்டுக் கோபப்படு. இன்னொன்று, இதை ஃப்ரெடி படித்த பிறகுதான் ஒட்டப் போகிறேன். அவனைப் பற்றி அவனுக்குத் தெரியாமல் பேசினது போதும்.

விஷயம் என்ன என்று உனக்குத் தெரியும். ஊருக்கு வெளியே இருக்கிற அந்த மனநல இல்லத்தில் ஃப்ரெடிக்கு ஒரு கட்டில் பேசி வைத்திருக்கிறாய், ஜூன் மாதம் கொண்டு வந்து விடச் சொல்லியிருக்கிறார்கள். நான் அனுப்ப மாட்டேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது, முதலிலேயே சொல்லிவிட்டேன். செல்லம்மா அத்தை அனுப்பு என்கிறாள், அவள் மருமகன் அனுப்பு என்கிறான், அன்பியத்தில் ஜெபம் பண்ண வருகிறவர்கள் கூட வீட்டை விட்டு இறங்கும்போது அதையே சொல்லிவிட்டுப் போகிறார்கள். நான் ஹார்பரில் முப்பது வருஷத்துக்கு மேல் கிரேன் ஓட்டினவன். மேலே உட்கார்ந்திருக்கிறவன் கீழே நிற்கிற ஒரே ஒரு ஆளின் கையைத்தான் பார்ப்பான், அவன் தூக்கச் சொன்னால் தூக்குவான், இறக்கச் சொன்னால் இறக்குவான். ஐந்து பேர் சேர்ந்து கையை ஆட்டினால் சரக்கை அந்தரத்தில் நிறுத்திவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துகொள்ள வேண்டும். இப்போது அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன். கீழே இருந்து யார் கத்தினாலும் எனக்குக் கேட்காது.

நீ கல்யாணமாகிப் போன பிறகு நடந்ததை எல்லாம் போனில் கேட்டாயே தவிரப் பார்க்கவில்லை. அதில் உன் குற்றம் ஒன்றும் இல்லை, ஆனால் பார்த்தவன் நான், அதனால் சொல்கிறேன். முதல் மருந்து கொடுத்தார்கள், மாதக்கணக்கில் சாப்பிட்டான், அடங்கவில்லை. அதை மாற்றி வேறொன்று கொடுத்தார்கள், அதுவும் அடங்கவில்லை. அப்புறம் ஊசி, அதில் கை நடுக்கம் வந்ததே தவிர அந்தக் குரல்கள் போகவில்லை. துறைமுகத்தில் நிற்கிற கப்பலிலிருந்து ஒரு கேப்டன் அவனை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான், நம் வீட்டுச் சோற்றில் விஷம் இருக்கிறது என்கிறான். அம்மா சமைத்ததை இவன் தொடமாட்டான். அவித்த முட்டையை ஓட்டோடு கொடுத்தால் தன் கையால் உரித்துச் சாப்பிடுவான், வாழைப்பழம் தோலோடு கொடுத்தால் சாப்பிடுவான். வஞ்சிரம் வாங்கி வந்து வறுத்து வைத்துவிட்டு உன் அம்மா முட்டையை அவித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் கப்பல் கூப்பிடுகிறது என்று கடலோரமாகவே நடந்து காத்திவாக்கம் தாண்டி எண்ணூர் வரை போய்விட்டான், அங்கே வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள்தான் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து எனக்குப் போன் போட்டார்கள். அதற்குப் பிறகுதான் பெரிய டாக்டர், சில பேருக்குச் சாதாரண மருந்துகள் எதுவும் கேட்காது, அவர்களுக்கென்று ஒரு மாத்திரை இருக்கிறது, க்ளோசபின் என்று பெயர், ஆனால் அது ரத்தத்தில் வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடக்கூடும், அதனால் முதலில் வாரா வாரம், பிறகு மாதா மாதம் ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், தொண்டை வலி ஜுரம் என்றால் உடனே ஓடி வர வேண்டும், முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். இந்த மாத்திரையால் அவன் உடம்பு போட்டுவிட்டான், வாயில் எச்சில் ஊறித் தலையணை நனைகிறது, மலச்சிக்கல் படுத்துகிறது, எல்லாம் உண்மை. ஆனால் சில மாதம் கழித்து ஒரு மத்தியானம் அம்மாவின் குழம்பை ஊற்றிச் சோறு பிசைந்து சாப்பிட்டான். குரல் போயிடுச்சா என்று கேட்டேன். "இல்ல நைனா, பக்கத்து வூட்டு டிவி மாரி சத்தம் மட்டும் கீது. இன்னா ஓடுதுன்னு நான் கேக்கறதில்ல" என்றான். அன்றைக்கு உன் அம்மா அடுப்படியில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், எழுதுவதற்கு எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

இனி குருத்தோலை ஞாயிறுக்கு வருகிறேன், ஏனென்றால் நீ கட்டில் தேடினது அதற்குப் பிறகுதான். சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு வந்து உட்கார்ந்து இந்தத் தவக்காலத்தில் யார் யார் எதை விடப்போகிறோம் என்று பேசினோம், நம் வீட்டில் வருஷா வருஷம் நடக்கிறதுதான். அம்மா டீயை விட்டாள், நான் கறியையும் சனிக்கிழமை பிராந்தியையும் விட்டேன். ஃப்ரெடி எழுந்து நின்று சிகரெட்டை விடுகிறேன் என்றான். ஒரு நாளைக்கு இரண்டு பாக்கெட் ஊதுகிறவன், காத்தூன் பீவி பெட்டிக்கடையின் பாதி வியாபாரமே அவனால்தான் என்று நாம் கேலி செய்வோமே, அவன் சொன்னான், சொன்னபடி மறுநாளே நிறுத்தியும் விட்டான். இது மாதா செய்த புதுமை இல்லாமல் வேறென்ன. பங்குச் சாமியார் கையைப் பிடித்துக் குலுக்கினார், நீ அங்கிருந்து சந்தோஷத்தில் அழுது நன்றிப் பூசைக்கு எழுதச் சொன்னாய், நானும் போய் எழுதிவிட்டு வந்தேன். அடுத்த வாரங்களில் அவன் மத்தியானமெல்லாம் தூங்கினான், நடந்தால் சுவரைப் பிடித்தான், எச்சில் சட்டையை நனைத்தது. நோன்புக் களைப்பு என்றாள் அம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன், அத்தை ஒரு படி மேலே போய் மனம் திரும்புகிறவனுக்கு ஆரம்பத்தில் இப்படித்தான் இருக்கும் என்று விளக்கமே கொடுத்தாள். கடைசியில் குருத்தோலைப் பவனியில், கோயில் வாசலுக்குப் பத்தடி இருக்கும்போது, ஓசன்னா பாடிக்கொண்டிருந்தவன் ஓலையோடு கீழே விழுந்தான். கை கால் வெட்டி இழுத்தது, வாயில் நுரை. பங்கே சுற்றி நின்று பார்த்தது. யாரோ சிலுவையைக் கொண்டு வா என்றார்கள், யாரோ சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள், அத்தையின் மருமகன் மட்டும் போனைத் தூக்கிப் படம் பிடித்தான், அந்தப் படம்தான் உனக்கு வந்தது.

படம் ஆட்டோ ஏறுவதோடு முடிந்துவிட்டது, அதற்குப் பிறகு நடந்தது உனக்கு வரவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா, மாத்திரைச் சீட்டைப் பார்த்துவிட்டு, மாத்திரை அதிகமாக ஏதாவது போட்டாரா என்று கேட்டாள். இல்லை, நான்தான் கையில் எடுத்துக் கொடுக்கிறேன் என்றேன். சாப்பாடு, தூக்கம், வேறு மருந்து என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்து, சிகரெட் குடிப்பாரா என்றாள். எனக்கு அப்போதும் ஒரு பெருமை, குடிப்பான், ஆனால் தவக்காலத்துக்காக அடியோடு விட்டுவிட்டான் டாக்டர் என்றேன். அவள் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். பிறகு பொறுமையாகச் சொன்னாள், சிகரெட் புகை இந்த மருந்தை உடம்பு சீக்கிரம் சீக்கிரமாகக் கரைத்துத் தள்ளும்படி செய்யும், புகையை ஒரே நாளில் நிறுத்தினால் அதே மாத்திரை உடம்பில் தேங்கித் தேங்கி இரண்டு மடங்கு போட்டது மாதிரி ஆகிவிடும், தூக்கமும் தள்ளாட்டமும் வலிப்பும் அதனால்தான் வந்தது, சிகரெட்டை விட்டது நல்லது, எங்களிடம் சொல்லிவிட்டு விட்டிருந்தால் மாத்திரையைக் குறைத்திருப்போம் என்றாள். பழக்கத்தில் எது மாறினாலும் சொல்லுங்கள் என்று முன்பே சொல்லித்தான் இருக்கிறார்கள். ஆனால் ஜானட், தவக்காலத்தைப் போய் எவன் டாக்டரிடம் சொல்வான்? அதுதான் நடந்தது. பேயும் இல்லை, நோய் முற்றவும் இல்லை, மருந்து தோற்கவும் இல்லை. ஒரு பிள்ளை ஆண்டவருக்காக சிகரெட்டை விட்டான், வீடே கை தட்டியது, ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. இதற்காக அவனை வீட்டை விட்டு அனுப்ப வேண்டும் என்றால் கை தட்டின எல்லாரையும் சேர்த்துத்தான் அனுப்ப வேண்டும், உன் பெயரும் அதில் வரும்.

மாத்திரையைக் குறைத்து, ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்து, பெரிய வியாழனன்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று அத்தை வந்து ஈஸ்டருக்கு முந்தின ராத்திரிப் பாஸ்கா பூசைக்குக் கூட்டம் நிறைய வரும், இவனை வீட்டில் வைத்துவிட்டு வந்தால் நல்லது, மறுபடி விழுந்தால் மானம் போகும் என்றாள். உன் அம்மா ஞானம் வாயைத் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசி நீ பார்த்திருக்கிறாயா. அன்று பேசினாள். "யார் மானம் அண்ணி? உன் புருசன் குடிச்சிட்டு அதே வாசல்ல வுழுந்து கெடந்தப்போ எந்த வூட்ல வச்சி பூட்டினீங்க? எம்புள்ள மருந்து சாப்ட்டு வுழுந்தான். நான் இட்டுகினுதான் போவேன், முன்னாடிதான் குந்த வப்பேன்" என்றாள். அத்தை காப்பியைக் கூடக் குடிக்காமல் போய்விட்டாள். நாங்கள் போனோம், முன் பெஞ்சில் உட்கார்ந்தோம், ஃப்ரெடி மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு நின்றான், பாதியில் கொஞ்சம் தூங்கினான். எனக்கும் தூக்கம் வந்தது, அது நீளமான பூசை.

அடுத்த வாரம் நீ ஏற்பாடு செய்த இல்லத்திலிருந்து அருள்பிரகாசம் என்று ஒருவர் வந்தார். நல்ல மனுஷர், அவரை நான் குறை சொல்ல மாட்டேன். தோட்டம் இருக்கிறது, ஜெபம் இருக்கிறது, நல்ல சாப்பாடு என்றெல்லாம் சொன்னார். ஃப்ரெடி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சார், மாசா மாசம் ரத்தம் எடுக்க யார் இட்டுகினு போவாங்க?" என்றான். அவர் முழித்தார். எங்களிடம் அதற்கு வசதி இல்லை தம்பி, பக்கத்தில் லேபும் இல்லை, எங்கள் டாக்டர் அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு ஊசிக்கு மாற்றிவிடுவார், இன்னும் சில பேருக்கு அப்படித்தான் செய்திருக்கிறோம் என்றார். எந்த ஊசி என்று கேட்டேன். பெயரைச் சொன்னார். கை நடுங்கினதே, அதே ஊசி. நீ அதைக் கேட்டிருக்க மாட்டாய், கேட்கத் தோன்றியிருக்காது. கட்டில் இருக்கிறதா என்று கேட்டாய், இருக்கிறது என்றார்கள். ஆனால் அந்தக் கட்டிலில் போய்ப் படுத்தால் இந்த மாத்திரை கிடையாது, மாத்திரை இல்லை என்றால் அந்தக் கேப்டன் திரும்பி வருவான், அம்மாவின் குழம்பு மறுபடி விஷம் ஆகும். மூன்று மருந்து தோற்றுப்போய் நாலாவதாகக் கிடைத்த ஒன்றை, ரத்தம் எடுக்க ஆள் இல்லை என்பதற்காக விட்டுக்கொடுக்க நான் என்ன பைத்தியமா. அருள்பிரகாசம் சாருக்கு டீ கொடுத்து, நன்றி சொல்லி, தெரு முனை வரைக்கும் கொண்டு விட்டேன். நல்லபடியாகத்தான் அனுப்பினேன், பயப்படாதே.

உங்களுக்குப் பிறகு யார் அப்பா என்று நீ கேட்கிறாய். நியாயமான கேள்விதான். நான் நெஞ்சில் அடைப்பு எடுத்த ஆள், அம்மாவுக்கு முட்டி போய்விட்டது, நாங்கள் நூறு வயசு இருக்கப்போவதில்லை. பயம் இல்லை என்று எழுதினால் பொய். ஆனால் எங்களுக்குப் பிறகு என்ன என்பதற்காக, நாங்கள் உயிரோடு இருக்கும்போதே அவனைக் கொண்டுபோய் விடுவது எந்தக் கணக்கு என்று எனக்குப் புரியவில்லை. அதற்கு வேறு வேலை செய்துகொண்டிருக்கிறேன். போன மாதம் ரத்தம் எடுக்க அவனைத் தனியாக அனுப்பினேன். வார்டு எது, சீட்டு எங்கே போடுவது, ரிசல்ட் எங்கே வாங்குவது, அதைக் காட்டி மாத்திரை எங்கே வாங்குவது, எல்லாம் அவனுக்குத் தெரிகிறது. பஸ்ஸில் போய்விட்டு வந்தான், வரும் வரைக்கும் நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன், வந்ததும் ஏன் இவ்வளவு லேட் என்று திட்டினேன், டீ குடித்துவிட்டு வந்தேன் என்றான். மாத்திரையையும் இப்போது அவனே எடுத்துப் போட்டுக்கொள்கிறான், நான் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்து பார்ப்பேன். இப்போது மீன்பிடித் தடைக்காலம், காசிமேட்டில் போட்டையெல்லாம் ஏற்றி வைத்துப் பெயிண்ட் அடிக்கிறார்கள். சின்னப்பையன் என்று ஒரு போட் ஓனர், என்னோடு ஹார்பரில் இருந்தவரின் மகன், ஃப்ரெடியைப் போட்டில் நம்பர் எழுதக் கூப்பிட்டார். அவன் கையெழுத்து எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். காலையில் மாத்திரை மயக்கம் தெளிய நேரமாகும், அதனால் பத்து மணிக்கு மேல்தான் வருவான் என்று முன்பே சொன்னேன். "அதுக்கு இன்னா நைனா, போட்டு எங்க ஓடிடப் போவுது" என்றார். நடுவில் ஒரு நாள் வேலைக்குப் போகவில்லை, சத்தம் அதிகமாக இருக்கிறது என்று போர்த்திக்கொண்டு படுத்துவிட்டான். மறுநாள் போனான். நாளைக்கு மறுபடி விழலாம், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வரலாம், வந்தால் போவோம். குணமாகிவிட்டான் என்று நான் எழுதவில்லை. அவன் பிழைத்துக்கொண்டிருக்கிறான் என்று எழுதுகிறேன்.

மற்றபடி வீட்டில் விசேஷம் ஒன்றும் இல்லை. கொடுங்கையூர்ப் பக்கம் குப்பை எரிந்து இரண்டு நாள் புகை, உன் பெரியம்மா இருமல் தாங்காமல் இங்கே வந்து இருந்துவிட்டுப் போனாள். அலெக்ஸாண்டரிடம், இடுப்பு வலியோடு பளு தூக்குகிற வேலை எதுவும் செய்ய வேண்டாம், ஒரு கிரேன்காரன் சொல்கிறேன் என்று சொல். கரோலினோடு தமிழில் பேசு, போன வாரம் நான் கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினாள். நெத்திலிக் கருவாடு கேட்டாயே, அங்கே விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள் என்கிறார்கள், அதனால் அம்மா மிளகாய்ப் பொடி மட்டும் அரைத்து வைத்திருக்கிறாள். நீயும் வேலை வேலை என்று சாப்பிடாமல் ஓடாதே, வீடியோவில் முகம் இளைத்துத் தெரிகிறது.

ஜானட், நீ கெட்டவள் இல்லை. கட்டில் தேடினதும் எங்கள் மேல் இருக்கிற பாசத்தால்தான் என்று எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். ஆனால் ஒன்று கவனித்தாயா. குருத்தோலை ஞாயிறுக்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் போன் செய்கிறாய், என்னிடம் பேசுகிறாய், அம்மாவிடம் பேசுகிறாய், அத்தையிடம் கூடப் பேசுகிறாய். ஃப்ரெடியிடம் கொடு என்று நீ ஒரு தடவை கூடக் கேட்கவில்லை. நான் இதை யோசிக்கவே இல்லை, அவன்தான் சொன்னான். நேற்று தூரிகையைக் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "நைனா, அக்காவுக்கு நான்னா பயமா?" என்று கேட்டான். அதற்குப் பிறகுதான் இந்தக் கடிதத்துக்குத் தாள் தேடி எடுத்தேன்.

ஆண்டவர் உன்னையும் உன் வீட்டையும் காக்கட்டும், மாதா உங்கள் கூடவே இருக்கட்டும், கரோலினுக்கு அம்மாவும் நானும் கொடுத்த முத்தங்களைக் கணக்கு வைக்காமல் கொடு. ஒன்றை மட்டும் மறக்காதே. இந்தக் கடிதம் உன் கைக்கு வந்த பிறகு வருகிற ஞாயிறு நீ போன் செய்யும்போது நானும் அம்மாவும் எடுக்க மாட்டோம், எத்தனை தடவை அடித்தாலும் எடுக்க மாட்டோம். ஃப்ரெடிதான் எடுப்பான். அந்தக் கட்டிலைப் பற்றி என்ன சொல்வதாக இருந்தாலும் அவனிடமே சொல்.

உன் அன்பு அப்பா,
வால்டர்